முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது: என்ன சாப்பிட்டால் நிற்கும்?

மழைக்குருவி
மூணு வாரமா தலைக்குக் குளிச்சா வடிகால் அடைச்சுக்குது. இன்னிக்குப் பொறுமையா உட்கார்ந்து எண்ணிட்டேன். சீப்பு, தலையணை, குளியலறைத் தரை எல்லாம் சேர்த்து 214. வயசு 31. வீட்ல யாருக்கும் முடி மெலிஞ்சதில்லை. ஷாம்பூ மாத்தல, தண்ணி மாறல. இதுல கொடுமை என்னன்னா, வாழ்க்கையிலேயே இப்பதான் ஒழுங்கா சாப்பிடறேன். எண்ணெய்ப் பலகாரம் இல்ல, இனிப்பு இல்ல, ராத்திரி வெறும் சூப். கொட்ட ஆரம்பிச்சதும் பயோட்டின்ங்கிற வைட்டமினை கம்மியா (gummy, மிட்டாய் மாதிரி மெல்றது) வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன், ஒண்ணுல 5,000 மைக்ரோகிராம். ஒரு மாற்றமும் இல்ல. இன்னும் எதைச் சேர்த்துக்கணும்?

இரட்டைஜடை
தோழி, கம்மியை நிறுத்திடாதீங்க. பயோட்டின் வேலை செய்ய மூணு மாசமாவது ஆகும். கூடவே கொலாஜன் பவுடர் சேருங்க. எனக்கு அப்படித்தான் நின்னுச்சு.

மொட்டைப்பாறை
எனக்கும் நின்னுச்சு. கொட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லாததால.

கறாரானவன்
இரட்டைஜடை, மூணு மாசத்துல நின்னதுன்னா அது பயோட்டின் சாப்பிடாமலும் நின்னிருக்கலாம். பெரும்பாலான திடீர் கொட்டல் அரை வருஷத்துக்குள்ள தானா அடங்கிடும். அந்தப் பேரை அப்ப கையில இருந்த டப்பா தட்டிக்கிட்டுப் போயிடும்.

தட்டும்தராசும்
நான் உணவியல் ஆலோசகர். மழைக்குருவி, எதைச் சேர்க்கணும்னு சொல்றதுக்கு முன்னால ஒரு கேள்வி. இப்ப என்ன சாப்பிடறீங்கன்றதை விடுங்க. கொட்டல் ஆரம்பிச்சதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னால உங்க உடம்புக்கு என்ன நடந்தது? கடும் காய்ச்சல், அறுவைசிகிச்சை, பிரசவம், புது மருந்து, திடீர் எடைக்குறைவு, இதுல ஏதாவது உண்டா?

மழைக்குருவி
காய்ச்சல் எதுவும் இல்ல. எடை குறைச்சேன், ஆனா அது நல்லதுக்குத்தானே? 14 வாரமா டயட்ல இருக்கேன். 62 கிலோவில இருந்து 53. காலையில ஆப்பிள் வெள்ளரி ஸ்மூதி, மதியம் சாலட், ராத்திரி காய்கறி சூப். ஆப்ல கணக்குப் பார்த்தா நாளைக்கு 800 கலோரி வரும். எல்லாமே சத்தான ஐட்டம்.

தட்டும்தராசும்
நீங்க தேடின விடை உங்க வாயிலேயே வந்திடுச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தலையில சுமார் ஒரு லட்சம் முடி இருக்கு. எல்லாம் ஒண்ணு போல வளர்றதில்ல. நூத்துக்கு 85 முதல் 90 வரை வளரும் கட்டத்துல இருக்கும், அது சில வருஷம் ஓடும். மீதி ஓய்வுக் கட்டத்துல ரெண்டு மூணு மாசம் சும்மா நின்னுட்டு அப்புறம் விழும். அதனால ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழறது சாதாரணம்.

மயிர்க்காலோட அடியில இருக்கற செல்கள் உடம்புலயே வேகமாப் பிரியற செல்கள்ல ஒரு வகை. அதுக்கு ஆற்றலும் வேணும், புரதமும் வேணும், இரும்பு, துத்தநாகமும் வேணும். ஆனா இதயமோ மூளையோ போல முடி உயிருக்கு அவசியமான உறுப்பு இல்ல. வருமானம் சட்டுனு குறைஞ்ச வீட்ல முதல்ல நிறுத்தறது எதை? உடம்பும் அதைத்தான் செய்யுது. வளர்ந்துக்கிட்டு இருந்த ஒரு பெரிய கூட்டத்தையே ஒரே நேரத்துல ஓய்வுக்கு அனுப்பிடுது. அந்தக் கூட்டம் அன்னிக்கே விழறதில்ல, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா விழுது. இதுக்கு டெலோஜன் எஃப்ளூவியம்னு பேர். 1961-ல ஆல்பர்ட் கிளிக்மன்ங்கிற தோல் மருத்துவர் வச்ச பேர்.

உங்க கணக்கையே பாருங்க. டயட் ஆரம்பிச்சு 11 வாரத்துல கொட்டல் ஆரம்பம். நீங்க இப்ப எண்ணின அந்த 214-ல பெரும்பகுதி, டயட்டோட ஆரம்ப வாரங்கள்லயே ஓய்வுக்குப் போயிருக்கும்.

மழைக்குருவி
அப்போ நானே கொட்ட வச்சுக்கிட்டேனா. படிச்சதும் வயித்தைக் கலக்குது.

தட்டும்தராசும்
கலங்க வேணாம். இந்த வகையில மயிர்க்கால் சாகறதில்ல, தூங்கிட்டு இருக்கு. பழைய முடி விழறதுக்குக் காரணமே பல நேரம் அடியில புதுசு கிளம்பறதுதான். ஆனா காரணம் நீங்கணும். 800 கலோரியை இன்னியோட விடுங்க.

அடுத்தது புரதம். பெரியவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கணக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம். உங்களுக்கு 42, 43 கிராம். எடை குறைக்கும்போது இதுக்கு மேலதான் வேணும், கீழ இல்ல. ஆப்பிள், வெள்ளரி, சூப்பு, இலைதழை எல்லாம் கூட்டினா 15 கிராம் தேறுமான்னு சந்தேகம். ஒரு முட்டையில 6 கிராம். வெந்த பருப்பு 100 கிராம்ல 9. சமைச்ச கோழிக்கறி அதே அளவுல 27-க்கு மேல. முடியில பெரும்பகுதி கெரட்டின், அதுவே ஒரு புரதம். செங்கல் வராத இடத்துல கொத்தனார் எத்தனை பேர் நின்னாலும் சுவர் எழும்பாது. வைட்டமின்களை அந்தக் கொத்தனாரா நினைச்சுக்கோங்க.

கறாரானவன்
"சத்தான ஐட்டம்"ங்கிற வார்த்தையே பாதி பேரை ஏமாத்துது. வெள்ளரிக்காய் மேல ஒரு குத்தமும் இல்ல. அதையே சோறாக்கினதுதான் குத்தம்.

இரட்டைஜடை
அப்ப கொலாஜன்? அதுவும் புரதம்தானே?

தட்டும்தராசும்
புரதம்தான். ஆனா கொலாஜனா வயித்துக்குள்ள போறது கொலாஜனாவே தலைக்கு ஏறாது. அமினோ அமிலமா உடைஞ்சுதான் ரத்தத்துல சேருது. கெரட்டினுக்குக் கந்தகம் உள்ள சிஸ்டீன் நிறைய வேணும், கொலாஜன்ல அது ரொம்பக் குறைவு. டிரிப்டோபன் அறவே கிடையாது. அதே காசுக்கு முட்டையோ மீனோ பயறோ வாங்கலாம்.

லேப்காரன்
பரிசோதனைக்கூடத்துல வேலை பார்க்கறவன். மருத்துவர் எழுதிக் கொடுத்தா ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும், தைராய்டைத் தூண்டற ஹார்மோனான டிஎஸ்ஹெச்சும் சேர்த்துப் பாருங்க. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துட்டு "ரத்தம் நல்லா இருக்கு"ன்னு போயிடறாங்க. இரும்பு குறையும்போது முதல்ல காலியாறது கிடங்கு, ஹீமோகுளோபின் இறங்கறது கடைசியில. அந்தக் கிடங்கோட அளவைச் சொல்றது ஃபெரிட்டின்.

மழைக்குருவி
நாளைக்கே போறேன்.

பச்சைமட்டும்
நான் பால்கூடச் சேர்க்காத தாவர உணவுக்காரி, 6 வருஷமா. இந்த மாதிரி விவாத இழைன்னாலே கறி முட்டைன்னு வந்து நிக்குது. என் முடி நல்லாத்தான் இருக்கு.

தட்டும்தராசும்
நல்லாத்தான் இருக்கும், யோசிச்சு சாப்பிட்டா. பயறு, பருப்பு, சோயா, கொட்டை, விதைகள்ல புரதம் வந்துடும். ரெண்டு இடத்துல மட்டும் கவனம். தாவர இரும்பு உடம்புல ஏறறது கறியில இருக்கற இரும்பைவிடக் குறைவு. அதே வேளையில வைட்டமின் சி இருந்தா, எலுமிச்சையோ தக்காளியோ கொய்யாவோ, உறிஞ்சறது கூடும். சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா குறையும். இன்னொண்ணு பி12. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஆனா செடிகொடியில நம்பி எடுக்கற மாதிரி கிடையாது. செறிவூட்டின உணவோ மாத்திரையோ வேணும்.

பச்சைமட்டும்
பி12 எடுக்கறேன். டீ விஷயம் தெரியாது. சாப்பாட்டோட டீ குடிக்கற ஆள் நான்.

தூக்கமில்லாஅம்மா
குழந்தைக்கு நாலு மாசம். நெத்தியோரம் ரெண்டு பக்கமும் காலியாகுது. நான் டயட் எல்லாம் இருக்கல, கிடைச்சதை எல்லாம் திங்கறேன். எனக்கும் சத்துக்குறைவா?

தட்டும்தராசும்
உங்களோடது வேற கதை அம்மா. கர்ப்பத்துல ஈஸ்ட்ரோஜன் ஏறி இருக்கறதால விழ வேண்டிய முடியும் விழாம நிக்கும். பிரசவத்துக்கு அப்புறம் அது இறங்கினதும் தங்கி நின்ன பாக்கி மொத்தமா வருது. குழந்தையோட முதல் பிறந்தநாளுக்குள்ள பெரும்பாலும் சரியாயிடும். பிரசவத்துல ரத்தம் நிறையப் போயிருந்தா ஃபெரிட்டின் பார்க்கலாம். ரொம்ப சோர்வு, படபடப்பு இருந்தா தைராய்டும். மத்தபடி தின்னுங்க, முடிஞ்சப்ப தூங்குங்க.

தூக்கமில்லாஅம்மா
கடைசி வரி தவிர எல்லாம் முடியும்.

மொட்டைப்பாறை
என் மாதிரி ஆளுங்களையும் கொஞ்சம் கவனிங்க. 26 வயசுல உச்சி தெரிய ஆரம்பிச்சுது. பாதாம் தின்னேன், விதை தின்னேன், மீன் எண்ணெய் குடிச்சேன். உடம்பு தேறிச்சு, தலை தேறல.

தட்டும்தராசும்
அண்ணா, அது பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யற வேலை. பருவம் வர்றதுக்கு முன்னாலயே விதைப்பை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை வர்றதில்லன்னு 1942-லயே ஜேம்ஸ் ஹாமில்டன்ங்கிற ஆய்வாளர் எழுதிட்டார். மயிர்க்கால் டிஹெச்டிங்கிற ஹார்மோனுக்குக் கூச்சப்பட்டு வருஷா வருஷம் சுருங்குது. அதைத் தடுக்கற உணவுன்னு நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்ல. வேணும்னா மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்து, அதுவும் மருத்துவர் பார்த்துத்தான், சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான். பெண்களுக்கும் இந்த வகை உண்டு, வகிடு அகலமாகிட்டே போகும்.

மொட்டைப்பாறை
1942. என் அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நான் 2019 வரைக்கும் பாதாம் ஊற வச்சுக்கிட்டு இருந்தேன்.

மழைக்குருவி
ரிசல்ட் வந்துடுச்சு. ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் 9. டிஎஸ்ஹெச் 0.1, பக்கத்துல சிவப்பு எழுத்துல "குறைவு"ன்னு போட்டிருக்கு. இது குறைஞ்சா தைராய்டு அதிகமா சுரக்குதுன்னு அர்த்தம்னு இணையத்துல படிச்சு ராத்திரி தூங்கல. முடி, எடை ரெண்டுக்கும் இதுதான் காரணமோ?

லேப்காரன்
ஒரு நிமிஷம். பயோட்டின் கம்மியை நிறுத்திட்டுத்தானே ரத்தம் கொடுத்தீங்க?

மழைக்குருவி
இல்லையே. காலையிலகூட ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் போனேன். வைட்டமின்தானே?

லேப்காரன்
அப்படின்னா அந்த டிஎஸ்ஹெச்சை இப்போதைக்கு நம்பாதீங்க. பல கருவிகள் ரத்தத்துல இருக்கற பொருளைப் பிடிக்கறதே பயோட்டினும் ஸ்ட்ரெப்டவிடின்ங்கிற புரதமும் ஒட்டிக்கற முறையை வச்சுத்தான். ரத்தத்துல ஏற்கெனவே பயோட்டின் குவிஞ்சு கிடந்தா கருவி குழம்பிடும். டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாக் காட்டும், டி4ங்கிற தைராய்டு ஹார்மோனைக் கூடுதலாக் காட்டும். பார்க்கறவங்களுக்கு அசல் தைராய்டு நோய் மாதிரியே இருக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கற டிரோபோனின் பரிசோதனையும் இதே மாதிரி தப்பலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பர்லயே எச்சரிக்கை விட்டிருக்கு. ஃபெரிட்டினும் சில கருவிகள்ல இதே முறைதான். மருத்துவர்கிட்ட கம்மி விஷயத்தைச் சொல்லிட்டு, மூணு நாள் நிறுத்தி, திரும்பக் கொடுங்க.

கறாரானவன்
இது எனக்கே புதுசு. பயோட்டின் ஒரு நாளைக்குப் போதுமான அளவுன்னு சொல்றது 30 மைக்ரோகிராம். 5,000-ன்னா கிட்டத்தட்ட 167 நாள் பங்கு ஒரு மிட்டாயில. பற்றாக்குறை இருக்கறவங்களுக்கு பயோட்டின் உதவும், ஆனா அந்தப் பற்றாக்குறையே ரொம்ப அபூர்வம். பச்சை முட்டை வெள்ளைக்கருவை நாள்கணக்கா குடிக்கறவங்களுக்கு வரலாம், அதுல இருக்கற அவிடின் பயோட்டினைக் கட்டிப் போட்டுடும். வேக வச்சுட்டா அந்தத் தொல்லை இல்ல.

இரட்டைஜடை
நான் தினம் 10,000 எடுக்கறேன். டப்பாவுல இந்த எச்சரிக்கையை எங்கயும் காணோம். நான் சொன்னது தப்புன்னா மன்னிச்சுக்கோங்க மழைக்குருவி.

மழைக்குருவி
ஐயோ, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் வாங்கிட்டேன். விடுங்க.

கறாரானவன்
பயோட்டின் கூடினா பரிசோதனைதான் குழம்பும். வேற சிலது கூடினா முடியே போகும். வைட்டமின் ஏ மாத்திரை அளவுக்கு மீறினா முடி கொட்டும். செலினியமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம், 400-ஐத் தாண்டக் கூடாது. 2008-ல அமெரிக்காவுல ஒரு திரவ சத்து மருந்துல கலவை தப்பி, லேபிள்ல போட்டதைப்போல 200 மடங்கு செலினியம் சேர்ந்துடுச்சு. 201 பேர் பாதிக்கப்பட்டாங்க, அதுல 72 சதவீதம் பேருக்கு முடி கொட்டிச்சு. உடம்புக்கு நல்லதுன்னு குடிச்சவங்க! பிரேசில் நட் ஒண்ணுலயே 70, 90 மைக்ரோகிராம் இருக்கும். கைநிறைய அள்ளிப் போட்டுக்கற கொட்டை இல்ல அது.

துத்தநாகமும் 40 மில்லிகிராமுக்கு மேல நாள்கணக்கா போனா செம்புச் சத்தை இறக்கிடும். முடி மல்டிவைட்டமின், கம்மி, பவுடர்னு மூணு டப்பா வச்சிருக்கறவங்க மூணு லேபிளையும் கூட்டிப் பாருங்க.

பச்சைமட்டும்
கூட்டிப் பார்த்தேன். துத்தநாகம் 45 வருது. ஒரு டப்பாவைத் தூக்கி ஓரமா வச்சுட்டேன்.

தட்டும்தராசும்
இடையில ஒண்ணு சொல்லணும்னு தோணுது, நேரடிச் சம்பந்தம் இல்லாட்டியும். 1930-கள்ல சிசிலி வில்லியம்ஸ்ங்கிற மருத்துவர், இன்னிக்கு கானான்னு சொல்ற நாட்ல, குழந்தைகள்கிட்ட குவாஷியோர்கர்ங்கிற நோயை விவரிச்சாங்க. கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தைகளோட முடி நிறம் வெளுத்து, செம்பட்டையாகி, தொட்டா வர்ற அளவுக்கு மெலிஞ்சிடும். சாப்பாடு கிடைச்ச மாசங்கள்ல கருப்பா, கிடைக்காத மாசங்கள்ல வெளிறிப் போய், ஒரே முடியில பட்டை பட்டையாத் தெரியறதும் உண்டு. தேசியக்கொடிப் பட்டை மாதிரி இருக்கறதால கொடிக்குறின்னு அதுக்குப் பேர். படிக்கிற காலத்துல அந்தப் படத்தை முதல்முறை பார்த்தப்ப எனக்குப் பேச்சு வரல. முடிங்கறது மாசத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வேகத்துல எழுதற கணக்குப் புத்தகம், எழுதினதைத் திருத்தவே முடியாது. தலைக்கு வெளிய வந்த முடி உயிரில்லாத பொருள். நாளைக்கு நீங்க சாப்பிடறது நாளைக்கு முளைக்கப் போற அந்த மில்லிமீட்டருக்கு மட்டும்தான் போகும். நுனிப் பிளவு, சிக்கு எல்லாம் சாப்பாட்டால சரியாகாது, கத்தரிதான்.

மழைக்குருவி
மறுபடியும் கொடுத்தேன், நாலு நாள் கம்மி இல்லாம. டிஎஸ்ஹெச் 2.3! தைராய்டு ஒண்ணும் இல்ல. ஃபெரிட்டின் 11. அது மட்டும் நிஜமாவே குறைவுதான்.

லேப்காரன்
உலக சுகாதார நிறுவனக் கணக்குல பெரியவங்களுக்கு 15-க்குக் கீழ போனா இரும்புக் குறைவு. ஹீமோகுளோபின் 12-க்கு ஒரு மயிரிழை மேல இருக்கறதால ரத்தசோகைன்னு பேர் வரல, அவ்வளவுதான்.

தட்டும்தராசும்
முடிக்கு ஃபெரிட்டின் எவ்வளவு வேணும்னு கேட்டா மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை. 40 தாண்டணும்னு நிறைய பேர் சொல்வாங்க, அவ்வளவு தேவையில்லன்னும் சொல்வாங்க. ஆனா 11 குறைவுங்கறதுல சண்டை இல்ல. இரும்பு மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. உடம்புக்கு வேண்டாத இரும்பை வெளியே தள்ள வழி கிடையாது, தேங்கினா கல்லீரலைப் பிடிக்கும். வீட்ல குழந்தை இருந்தா மாத்திரை கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும், குழந்தைக்கு அது நஞ்சு.

மழைக்குருவி
மருத்துவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதியிருக்கார். தினமும் போட்டா சீக்கிரம் ஏறாதா?

தட்டும்தராசும்
ஒரு வேளை இரும்பு உள்ள போனதும் ஹெப்சிடின்ங்கிற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் கதவைப் பாதி சாத்திடும். அடுத்த நாள் போடறதுல கொஞ்சம்தான் உள்ள போகும், மிச்சம் வயித்தைத்தான் படுத்தும். அவர் எழுதினதையே பின்பற்றுங்க. மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க.

லேப்காரன்
இழையைப் படிக்கற மத்தவங்களுக்கு: நாணயம் மாதிரி வட்டமா சொட்டை, தலைத்தோல்ல எரிச்சல், சீழ், தழும்பு, புருவமும் சேர்ந்து போறது, இதெல்லாம் இருந்தா சாப்பாட்டு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காதீங்க. நேரா தோல் மருத்துவர்.

மழைக்குருவி
நாலரை மாசம் கழிச்சு வர்றேன். 800 கலோரியை அன்னிக்கே விட்டேன். காலையில ரெண்டு முட்டை, மதியம் பருப்போ மீனோ, சாலட் இன்னும் இருக்கு ஆனா ஓரத்துல. எடை 55-ல நிக்குது, சண்டை போடல. முதல் ரெண்டு மாசம் கொட்டல் குறையவே இல்ல, இந்த இழையைத் திறந்து தட்டும்தராசும் எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருந்தேன். மூணாவது மாசத்துல இருந்து இறங்கிச்சு. இப்ப எண்ணறதில்ல, ஆனா வடிகால் அடைக்கறதில்ல. ஃபெரிட்டின் 34.

வகிட்டோரமும் நெத்தியிலயும் ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல குட்டிக் குட்டி முடி. எண்ணெய் வச்சாலும் படியாம ஆன்டெனா மாதிரி நிக்குது. ஜடை இன்னும் பழைய பருமன்ல பாதிதான்.

தட்டும்தராசும்
அந்த ஆன்டெனா ஜடை வரைக்கும் எட்டணும்னா 30 சென்டிமீட்டர் வளரணும். ரெண்டரை வருஷம். படியலன்னு வெட்டிடாதீங்க.

பச்சைமட்டும்
டீயைச் சாப்பாட்டுல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி வச்சேன். இந்த இழையால என் வாழ்க்கையில வந்த கஷ்டம் அது ஒண்ணுதான்.

புதியவன்77
வணக்கம் நண்பர்களே, ரெண்டு வாரமா முடி பயங்கரமா கொட்டுது. போன மாசம்தான் ஜிம் சேர்ந்து 7 கிலோ குறைச்சேன். எந்த பயோட்டின் நல்லதுன்னு யாராவது சொல்லுங்க.

மொட்டைப்பாறை
தம்பி, முதல் பதிவுல இருந்து படிச்சுட்டு வா. நான் இங்கேயேதான் இருக்கேன்.